பன்னிரண்டாம் குழியில் தண்ணீர்

முதலில் ஒளிர்ந்தது எழுபத்தோராம் எண்.
எண்ணுக்குப் பின்னால் யாரென்று
எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது.
தெரியும்.
இரத்தம் எடுத்தவள் நான்தானே.

கொலெத் சினாமா.
சின்னம்மாவோ சின்னமாலையோ,
கப்பலிறங்கிய அன்று குமாஸ்தாவின் காதில் விழுந்த மட்டும்
மிஞ்சிய பெயர்.
லெ கோல் சர்க்கரை ஆலையில்
எடைமேடைக் கண்ணாடிக் கூண்டுக்குள் பதினேழு வருஷம்.
கரும்போடு வரும் லாரிக்கு ஒரு எடை,
காலியாகத் திரும்பும் லாரிக்கு ஒரு எடை,
கழித்தால் கரும்பு.
கொசு வருஷத்தில் அவளுக்கும் வந்தது,
தீவில் மூன்றில் ஒருவருக்கு வந்ததுபோல.
ஒன்பது நாளில் காய்ச்சல் இறங்கியது.
அவள் ஏறி வரவில்லை.

தலைக்குக் குளித்தால்
ஈரக் கூந்தலோடு ஒரு மணி நேரம் தரையில் படுக்க வேண்டும்.
சந்தைக்குப் போன சனிக்கிழமைக்குப்
புதன்வரை வட்டி.
மருத்துவர்கள் தாள்களைப் புரட்டி எல்லாம் நலம் என்கிறார்கள்.
ஒருவர் மட்டும் குரலைத் தாழ்த்தி,
"கணவரோடு ஏதும் சண்டையா?"

படிவத்தில் நான் எதை எழுதுவது?
புதுச்சேரியில் வளர்ந்தவள், வாய் நிறையச் சொல் இருக்கிறது.
களைப்பு மோர் குடித்தால் போகும்.
அசதி ஒரு தூக்கத்தில்.
அலுப்பு பஸ்ஸை விட்டு இறங்கினாலே போய்விடும்.
போகாததற்குச் சொல் இல்லை.
அவளே கிரியோலில் சொன்னாள்:
"கழித்துப் பாருங்கள். முன்பிருந்த நான், இப்போதிருக்கும் நான்.
வித்தியாசம் எங்கே போனது?"

அந்த வித்தியாசத்தைத்தான் தேடினோம், சேன்-பியேரில்,
அறுபது நோயாளிகள், அறுபது நலமானவர்கள்,
மைனஸ் எண்பதில் உறைந்த நூற்றிருபது குழாய்கள்.
புயல் இரவில் மின்சாரம் போனபோது
ஜெனரேட்டர் இருமி இருமிப் பிடிக்கும்வரை
உறைபெட்டிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன்,
யாரோ உள்ளிருந்து தள்ளுவதுபோல.

எழுபத்தொன்று ஒளிர்ந்ததும்
கடைசி வரிசை முடியக் காத்திராமல்
வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடி அவளை அழைத்தேன்.
விதிமீறல். தெரிந்தேதான்.
நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு,
"அப்படியென்றால் நான் பொய் சொல்லவில்லை."

மாடியேறி வந்தேன்.
கடைசி வரிசை, பன்னிரண்டாம் குழி.
அதில் இருப்பது வெறும் தண்ணீர்.
எதுவும் இல்லை என்று காட்டுவதற்கென்றே வைத்த தண்ணீர்.
முப்பத்தெட்டாம் சுற்றில்
அதுவும் ஒளிர்ந்தது.

தண்ணீருக்கும் அதே வைரஸ்.
மறுநாள் என் இரத்தத்துக்கும்.
நூற்றுநான்காம் எண், நலமானவர் பட்டியல்,
ஞாயிறுதோறும் எரிமலை ஏறுகிறவள்.
வாங்கிய கலவையின் புட்டிக்குள்ளேயே
எந்தத் தொழிற்சாலையிலோ ஒட்டிய எலிச்செல் துணுக்கு ஒன்று
எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.

இதை ஃபோனில் சொல்ல முடியாது.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிய அறை.
கண்ணைத் திறக்காமல் கேட்டாள்,
எலியையும் தண்ணீரையும் என் மன்னிப்பையும்.

"காலி லாரி எடை காட்டினால்
அதில் கரும்பு இருக்கிறது என்று எழுத மாட்டோம்.
மேடைக்கு அடியில் குனிந்து பார்ப்போம்.
கல் சிக்கியிருக்கும்."
மூச்சு வாங்கினாள்.
"அதற்காக
அன்றைக்குக் கரும்பே வரவில்லை என்றும்
எழுத மாட்டோம்."

இந்த நாலு வாக்கியத்துக்கு
நாளை முழுக்கப் படுத்திருப்பாள்.
கிளம்ப எழுந்தேன்.
போர்வைக்குள்ளிருந்து இடது கை மட்டும் வெளியே வந்தது,
முழங்கை மடிப்பு மேலாக.
குழாய் கொண்டுவரவில்லை என்றேன்.
கை உள்ளே போகவில்லை.